செங்கல்பட்டில் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை

என் தட்டில் முதல் கவளம் வாங்கித் தின்று வளர்ந்த என் தம்பி ஏழுமலைக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் மாமாவுக்கு முட்டிவலி ஒரு கால் விட்டு மறு காலுக்குப் போயிருக்கிறது. மகள் சுகன்யாவுக்கு விழுப்புரம் காலேஜில் இது கடைசி வருஷம். எனக்குத்தான் பத்து மாதமாக வாயில் ஒரு கசப்பு. திண்டிவனத்தில் நாம் வழக்கமாகப் போகிற டாக்டரிடம் சொன்னேன். பித்தம் என்று மாத்திரை கொடுத்தார். முழுசாகத் தின்று முடித்தேன், போகவில்லை. அது பித்தம் இல்லை ஏழு. அருவருப்பு.

செத்துப்போன தம்பிக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் படிக்கப் பத்திரிகைக்கு ஏன் கொடுக்கிறாள் என்று கேட்பார்கள். உனக்கு மட்டும் எழுதுவதென்றால் பூஜை அலமாரியில் உன் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருப்பேன். நான் பொய் சொன்னது ஊர் முன்னால். அதைத் திருப்பி எடுப்பதும் ஊர் முன்னால்தான் நடக்க வேண்டும். ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கட்டி வந்த பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் படிக்கக் கற்றவள். தப்பு இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீ எப்போதுமே பொறுத்துக்கொண்டாய்.

முதலில் அந்த விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீ போன அன்று நம் தெருமுனையில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். எட்டடி உயரம். கறுப்புச் சட்டையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கொண்டுபோன பிறகு, வீடு கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோதுதான் நன்றாகப் பார்த்தேன். உன் இடது தோளில் நாலு விரல். ஒன்றில் கல் வைத்த மோதிரம். ஆள் இல்லை, விரல் மட்டும். கூட்டமாக எடுத்த படத்திலிருந்து உன்னை வெட்டியெடுத்தபோது, பக்கத்தில் நின்றவனை நீக்கிவிட்டு அவன் கையை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்கள். செத்தவன் தோளில் யாருடையதோ கை. கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். அழுது அழுது வயிறு காலி, பாவம் என்றார்கள்.

அந்த மோதிரம் யாருடையது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ கடைசியாக விட்டு வந்த பெரிய குழுவின் பாடகர் கௌதமுடையது. குழுவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரம்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், நீ சலித்துக்கொள்ளாதே. நம் அப்பா கொத்தனார். வானூர் பக்கம் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டுகிற இடத்தில் அவருக்கு வேலை. லீவு நாளில் உன்னையும் செங்கல் எடுத்துக்கொடுக்கக் கூட்டிப்போவார். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைத் தொட்டுப் பார்த்தாய். இவன் கை சும்மா இருக்கவில்லை என்று அந்த அம்மாவே அதை உன்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நீ செங்கல் தொடவில்லை. சென்னைக்குப் போய், காலேஜ் பிள்ளைகள் கொண்டாடிய ஒரு ராக் குழுவில் ஐந்து வருஷம். அப்புறம் அதைவிடப் பெரிய குழுவில் ஆறு வருஷம். டிவியில் வந்தாய். சிங்கப்பூர், துபாய் என்று பறந்தாய். ஏழுமலை என்று சாமி பெயர் வைத்தால், அவர்கள் அதை வெட்டி 'செவன்' என்று போட்டார்கள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் டிவியில் வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

நாத்தனார் வீடு, பால் சொசைட்டி, கோயில் வரிசை, எங்கே போனாலும் என் வாயில் உன் குழுவின் பெயர்தான். அந்தப் பெயரைச் சொன்னால் மளிகைக்கடைக்காரர்கூட என்னை "வாங்கக்கா" என்பார். எழுபது வருஷம் உழைத்த அப்பாவின் பெயரைச் சொல்லி எனக்கு அது கிடைத்ததில்லை.

பிறகு ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். குழுவை விட்டுவிட்டேன், இனி தனியாக வாசிக்கப்போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். கிட்டாரை எடுத்து ஒரு மெட்டு வாசித்தாய். மூன்று தரம் ஒரே மாதிரி தட்டி, நாலாவது தரம் இழுத்து மேலே கொண்டுபோவது. அதைக் கேட்டு ஊரெல்லாம் எம்பிக் குதிக்கும், நானும் டிவியில் பார்த்திருக்கிறேன். அன்று என் சமையலறை வாசலில், சத்தம் கித்தம் சேர்க்காமல், வெறும் கம்பியில் வாசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற கூவல் அது. விழுப்ரம், விழுப்ரம், விழுப்ரம், விழுப்ரோம். நீ சின்னதில் அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு கூவிக் காட்டியது.

"இது உன்னோடதுடா" என்றேன்.

"உனக்குத் தெரியுது. பாட்டுல பேர் கௌதமுதுன்னு போட்டிருக்கான்க்கா. கேட்டா, குழுவுல எல்லாம் எல்லாருதுங்கறான். பேரு மட்டும் அவனுது."

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்ல வேலை செய்தாய் தம்பி, வா, சாப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "அதுக்காக வுட்டுட்டு வந்துடுவியா? அனுசரிச்சிக்கினு போவணும் ஏழு" என்றேன். நீ கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாய். அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நாலு வருஷம் நீ திண்டிவனத்திலேயே இருந்தாய், டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டு. தனியாக எங்கே கூப்பிட்டாலும் போனாய். புதுச்சேரியில் காபி குடிக்க வருகிறவர்கள் நடுவில், காலேஜ் விழாவில், யாருமே கேட்காத பந்தி நேரத்தில். ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கிட்டார், காலுக்குக் கீழே ஒரு பெட்டி. பெட்டியை மிதித்தால் நீ வாசித்தது திரும்பி வரும், அதன்மேல் நீ மறுபடி வாசிப்பாய். உன்னோடு நீயே சேர்ந்து வாசிப்பதைப் பார்க்க எனக்கு முதலில் பயமாக இருந்தது. மனசு சரியில்லாமல் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன், மன்னித்துக்கொள்.

அந்த நாலு வருஷமும் நான் யாரிடமும் நீ குழுவை விட்டதைச் சொல்லவில்லை. இதுதான் நான் ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வந்த முதல் விஷயம். "தம்பி எங்கே, ஆளைக் காணோம்" என்றால் "புரோக்ராம் இல்லாதப்ப ரெஸ்ட்டுக்கு வந்துக்கினு போவான்" என்பேன். நீ ஒரு தெரு தள்ளிக் குடியிருந்தாய்.

இரண்டாவது விஷயம் விழுப்புரம் கல்யாண மண்டபம்.

என் நாத்தனார் மகள் ரிசப்ஷன். அந்தப் பெரிய குழுவே வந்து வாசிக்கும் என்று நானே வாய்விட்டுவிட்டேன். நாத்தனார் அதைச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். நான் உன்னிடம் "வந்து வாசிக்கறியாடா" என்று மட்டும் கேட்டேன், மற்றதைச் சொல்லவில்லை. நீ சந்தோஷமாகச் சரி என்றாய். கல்யாணத்துக்கு என்றே புதுசாக ஒன்று கட்டிக்கொண்டு வந்தாய். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நீ மட்டும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "செங்கல்பட்டுல டிராபிக்ல மாட்டிக்கினாங்கண்ணா. வந்துக்கினே இருக்காங்க" என்றேன்.

நீ இரண்டடி தள்ளி ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. நாற்பது நிமிஷம் வாசித்தாய். நல்லா வாசித்தாயா, சுமாரா என்று எனக்குத் தெரியாது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நானே சொன்ன பொய்யை நானே நம்பி, யாராவது வந்துவிட மாட்டார்களா என்று. பிறகு மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் டிஜேவைப் போடச் சொல்லிவிட்டார்கள். நீ பாதியில் நிறுத்திவிட்டு ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"செங்கல்பட்டுல யாரும் மாட்டிக்கலைக்கா. நான் மட்டும்தான்."

சாப்பிடாமல் போய்விட்டாய். ஆனால் அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல வீட்டுக்கு வந்து, குழம்பு என்ன என்று கேட்டாய். எப்படி உன்னால் முடிந்தது ஏழு?

வியாழக்கிழமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுசாக ஏதாவது கட்டினால் முதலில் என் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு எனக்குத்தான் வாசிப்பாய். போனை அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்துப் பதிவு செய்துகொள்வாய். எனக்கு ராக் பாட்டும் தெரியாது, வேறு பாட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்தது நோட்டு எழுதுவது. சிலிண்டர் எந்தக் கிழமை மாற்றினேன், கேப்பை எத்தனை படி அரைத்தேன், பால்காரர் எத்தனை நாள் வரவில்லை, எல்லாம் எழுதிவைப்பேன். அதே நோட்டில் நீ வந்த நாளையும் எழுதினேன். "ஏழு வந்தான். மிளகு ரசம், கத்தரிக்காய் வறுவல். புதிது ஒன்று வாசித்தான். லாரி மேடு ஏறுகிற மாதிரி இருந்தது." இன்னொரு நாள்: "ஏழு வந்தான். கருவாட்டுக் குழம்பு. வாசித்தது போன தரம் மாதிரி இல்லை, யாரோ கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொள்கிற மாதிரி. குக்கர் விசில் நடுவில் வந்துவிட்டது, திட்டவில்லை." இப்படிப் பதினொன்று.

எழுதிவைத்தவள் கேட்டேனா? கேட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ வாசிக்கும்போதெல்லாம் நான் மனசுக்குள் ஒரு வேண்டுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். இது மூன்றாவது விஷயம், இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி தவறாமல் போனேனே, உன் ஆரோக்கியத்துக்கு என்று சொன்னேனே. அம்மனிடம் நான் கேட்டது அது இல்லை. என் தம்பிக்கு நல்ல புத்தி கொடு, அவனைத் திரும்ப அந்தக் குழுவிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று கேட்டேன். எலுமிச்சை விளக்கு ஏற்றிக் கேட்டேன். நீ ஒரு தரம் என்னை பைக்கில் கொண்டுபோய் விட்டு, வெளியில் எந்தக் காலத்திலோ புதைந்து கல்லாகிப்போன மரங்களைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் எனக்காக நின்றாய். உனக்கு எதிராக வேண்டிக்கொள்ள உன் வண்டியிலேயே வந்தவள் நான். நினைத்தால் என் மேலேயே எனக்குச் சீ என்று வருகிறது.

டெங்கு காய்ச்சல் ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோனது. அதை எழுத எனக்குத் தெம்பில்லை, தாண்டிப்போகிறேன்.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது பேனர் கடையிலிருந்து போன் வந்தது. படம் கேட்டார்கள். என் போனில் தேடினேன். உன் படம் நூற்றுக்கு மேல் இருந்தது, எல்லாம் அந்தக் குழுவோடு நிற்பது. நான் ஊருக்கெல்லாம் அனுப்பியவை. நாலு வருஷம் என் வாசலில் உட்கார்ந்து வாசித்தவனை நான் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. இருந்ததில் ஒன்றை அனுப்பினேன். பேருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார்கள். உன் மாமா என்னைப் பார்த்தார். நான் அந்தக் குழுவின் பெயரைச் சொல்லி, "அதில் கிட்டாரிஸ்ட்னு போடச் சொல்லுங்க, அப்பத்தான் ஆளுங்களுக்குத் தெரியும்" என்றேன்.

வேறு யாரும் சொல்லவில்லை, தம்பி. உன் தோளில் அந்தக் கையை வைத்தது நான்தான். அம்மன் என் வேண்டுதலைக் கேட்டுத்தான் விட்டாள், எட்டடி உயரத்தில்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர்கள் வந்தார்கள். மூன்று கார். எல்லோரும் கறுப்புப் பனியன், நெஞ்சில் உன் முகம், கீழே 'செவன்'. அதையும் அச்சடித்து ரசிகர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு எதிர்வீட்டுக்காரர் மகன் அதால் பைக் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். உன் முகத்தில் கிரீஸ். பிடுங்கிவந்து துவைத்து வைத்திருக்கிறேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

படையல் போட்டிருந்தோம். உனக்குப் பிடித்த கருவாடு, வடை, மல்லாட்டை உருண்டை. கௌதம் உன் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு அழுதார். கண்ணீர் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு கேமராக்காரர் பக்கத்தில் நின்று எடுத்தார். எடுத்து முடித்ததும், பின்னால் உன் மாமாவின் துண்டு தொங்குகிறது, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். துண்டை எடுத்தார்கள். கௌதம் மறுபடி மண்டியிட்டு மறுபடி அழுதார். முதல் தரத்தைவிட இரண்டாம் தரம் நன்றாக வந்தது. ஏழு, நான் ஐம்பது வருஷத்தில் எத்தனையோ சாவு வீடு பார்த்துவிட்டேன். மாரடித்து அழுதவர்களையும் குடித்துவிட்டு ஆடியவர்களையும் பார்த்திருக்கிறேன். துண்டை எடுத்துவிட்டுத் திரும்ப அழுதவரை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கையலம்பிக்கொண்டு வந்து சாப்பிட்டார்கள். வடை இரண்டு தரம் கேட்டார்கள். சாவு வீட்டில் வயிறு நிறையச் சாப்பிடுவது தப்பில்லை, நானேதான் பரிமாறினேன். ஆனால் வடை மென்றுகொண்டே, துபாய்க்காரர்கள் அஞ்சலி நிகழ்ச்சி கேட்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நீ வெளியேறியபோது இதே வாய்தான் உன்னைக் குடிகாரன், நேரத்துக்கு வராதவன் என்று பாட்டுக்காரர்களிடம் சொல்லித் திரிந்தது. டீயைத் தவிர நீ எதைக் குடித்தாய்?

சாப்பிட்ட பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார்கள். உன் போனில் இருக்கிற பதினொரு மெட்டையும் கொடுக்க வேண்டும். அதற்கு டிரம் சேர்த்து, கௌதம் பாடி, குழுவின் பெயரில் ஆல்பமாகப் போடுவார்களாம். அட்டையில் உன் படம். உனக்குக் கல்யாணம் இல்லை, அப்பா அம்மா இல்லை என்பதால் கையெழுத்து நான் போட வேண்டும். எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும், அதனால் ஒரு சொல்லையும் விடமாட்டேன். நடுவில் இருந்தது: இவை யாவும் அவர் குழுவில் இருந்த காலத்தில் உருவாக்கப்பட்டவை.

"அவன் வுட்டுட்டு வந்து நாலு வருஷம் ஆச்சே" என்றேன்.

கௌதம் சிரிக்கவில்லை, அதட்டவில்லை. ரொம்ப மரியாதையாகப் போனை எடுத்து, நம் தெருமுனை பேனரை அவர் எடுத்த படத்தைக் காட்டினார்.

"நீங்களே போட்டிருக்கீங்களேக்கா, எங்க பேண்ட் கிட்டாரிஸ்ட்னு. ஊரெல்லாம் நீங்க அப்படித்தான் சொல்லிட்டு இருந்தீங்க. நாங்க ஒண்ணும் புதுசா சொல்லலையே?"

உள்ளே போய் என் நோட்டைக் கொண்டுவந்து பிரித்து வைத்தேன். கிழமை, தேதி, எல்லாம் நான் எழுதியபடி பதினொரு நாள். நாலு வருஷத்து வியாழக்கிழமைகள். கௌதம் ஒரு பக்கம் படித்துவிட்டு நோட்டைக் கூட இருந்தவர்களிடம் திருப்பிக் காட்டினார்.

"கருவாட்டுக் குழம்பெல்லாம் எவிடன்ஸாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். படையல் இலை இன்னும் எடுக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

உன் மாமா கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா அலமேலு, பையன் வாசிச்சது நாலு பேரு காதுல வுழட்டுமே. தனியா போட்டா எவன் கேப்பான்? உயிரோட இருக்கறப்பவே எவனும் கேக்கல" என்றார். அவர் சொன்னது நிஜம். நானே கேட்கவில்லையே. கையெழுத்துப் போட்டால் உன்னை உலகமெல்லாம் கேட்கும், செவன் என்ற பெயரில், தோளில் கையோடு. போடாவிட்டால் ஒரு டப்பா போனுக்குள் கிடப்பாய். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். காரில் ஏறும்போது கௌதம் என் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார். மோதிரம் உறுத்தியது. உள்ளே போய்க் குளித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன், நாலு வருஷம் முன்பே செய்திருக்க வேண்டியது. மத்தியானம் வேலையெல்லாம் ஒழித்துவிட்டு, அரிசி டப்பாமேல் உன் போனைச் சாய்த்து வைத்து, வாசலில் உட்கார்ந்து பதினொன்றையும் கேட்டேன். வேண்டுதல் சொல்லாமல் கேட்டேன். ஸ்டூல் கிறீச்சிடுவது கேட்கிறது. நீ மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. கருவாட்டுக் குழம்பு அன்று என் குக்கர் விசில் வருகிறது. நீ அதைத் திட்டாததன் காரணம் இப்போதுதான் தெரிந்தது. விசில் நின்ற இடத்திலிருந்து அதே சுருதியைப் பிடித்து அதற்குப் பதில் சொல்வது மாதிரி வாசித்திருக்கிறாய். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றிருந்தேன். என் குக்கரோடு நீ சேர்ந்து வாசித்தது எனக்குக் கேட்கவில்லை.

இதன்மேல் டிரம்மைப் போட்டு கௌதம் பாடுவாராம்.

மறுநாள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் கூவினார். பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நாத்தனார் வீட்டுக்குப் போய், உட்காரக்கூட இல்லாமல், உங்கள் மகள் ரிசப்ஷனில் நான் சொன்னது பொய், செங்கல்பட்டில் யாருமே இல்லை, என் தம்பி அப்போதே குழுவை விட்டுவிட்டிருந்தான் என்றேன். திட்டுவார், சம்பந்தி வீட்டில் தலைகுனிவு என்பார் என்று தயாராகத்தான் போனேன். அவர் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

"அது அன்னிக்கே தெரியும் அண்ணி. ஸ்டேஜ்ல ஒரே ஒரு ஸ்டூலுதானே போட்டான். அஞ்சு பேரு வந்து ஒரு ஸ்டூல்லயா குந்துவாங்க?"

"எல்லாருக்குமா தெரியும்?"

"சமையக்காரருக்குக் கூடத் தெரியும். நீங்க வாசலப் பாத்துக்கினே நின்னீங்க, அதான் யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் புள்ள நல்லாதான் வாசிச்சிது. டிஜேவைப் போடவுட்டது எங்க தப்பு."

நான் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்த மரியாதை எதுவுமே இல்லை, ஏழு. என் பொய்யை நம்பியவர்கள் யாரும் இல்லை. அடிபட்டவன் நீ ஒருவன்தான்.

கல்யாண வீடியோவைக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் நாற்பது நிமிஷமும் இருக்கிறது. நீல ஸ்டூல், நீ, காலடியில் பெட்டி. இரண்டு பக்கமும் யாரும் இல்லை. சுகன்யா அதிலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். பூஜை அலமாரியில் இப்போது அதுதான் இருக்கிறது. பழைய பேனரைக் கழற்றிவந்து, உன் முகம் உள்பக்கம் போகும்படி மடித்து வைத்திருக்கிறேன். தோளில் இருந்த விரல்களைக் கத்திரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். குழந்தைத்தனம் என்றார் உன் மாமா. இருக்கட்டும்.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினேன். கௌதம் போன் செய்தார். அக்கா, அக்கா என்றார். உங்கள் தம்பியை நீங்களே குழிதோண்டிப் புதைக்கிறீர்கள் என்றார். அஞ்சலி நிகழ்ச்சி எப்படியும் நடக்கும், பஸ் ஸ்டாண்ட் மெட்டையும் வாசிப்பார்கள், அதில் அவர் பெயர்தான் இருக்கும். அதை என்னால் தடுக்க முடியாது. கண்ணீரையும் மறுபடி எடுத்துக்கொள்ளட்டும், இந்தத் தரம் துண்டு எதுவும் தொங்காது. அந்த ஒன்று போனது போனதுதான். இந்தப் பதினொன்று போகாது.

திருவக்கரைக்கும் போய்வந்தேன். விளக்கு ஏற்றி, அம்மா, நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சாமியிடம் அப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை. வெளியில் வந்து, நீ நின்ற இடத்தில் அந்தக் கல்மரங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று மூன்று மணி நேரம் நின்றாய், தம்பி? அல்லது நான் என்ன வேண்டிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரிந்துதான் இருந்ததா?

தை பிறந்தால் உன் முதல் தெவசம். அன்று பதினொன்றும் வெளியே வரும். சுகன்யா இன்டர்நெட்டில் ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறாள். டிரம் கிடையாது, பாட்டு கிடையாது, குக்கர் விசிலை வெட்டமாட்டோம். பெயர் ஏழுமலை, முழுசாக. ஒவ்வொன்றுக்கும் கீழே என் நோட்டில் இருக்கிற வரியை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன், கருவாட்டுக் குழம்பு உட்பட. எத்தனை பேர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேர். நான் வியாழக்கிழமை தோறும் கேட்கிறேன்.

தெருமுனையில் புதுப் பேனரும் வைக்கிறேன். ஸ்டூலில் நீ. பேருக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று பேனர் கடையில் இந்தத் தரமும் கேட்டார்கள். "ஒண்ணும் வேணாம், பேரு மட்டும் போதும்" என்றேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்கு கொடுக்கிறேன், ஏழு. அன்று அந்த வழியாகப் போகிற யாராவது உன் படத்தைப் பார்த்துவிட்டு, இவர் பெரிய குழுவில் இருந்தவராயிற்றே, மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். நான் வாசலைப் பார்க்கமாட்டேன். யாரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை, என் தம்பி மட்டும்தான், உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லி நாற்காலி போடுவேன்.

உன் ஒற்றை ஸ்டூலைத் துடைத்து வாசலிலேயே போட்டு வைத்திருக்கும்,
உன் கூடப் பிறந்தவள்,
அலமேலு அக்கா
திண்டிவனம்